மாசி, பங்குனிப் பூக்களைப் படம் எடுப்பது: பொள்ளாச்சி – பாலக்காடு பக்கத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு. இரண்டு பக்கமும் நம் ஆட்கள்தான், பேச்சும் தமிழ்தான். தை கழிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் என்ன பூத்திருக்கிறது, எங்கே போகலாம், செல்போன் கேமரா போதுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். விடியலில் கிளம்பி இருட்டும் முன் வீடு திரும்புகிற பயணங்களை மட்டும்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

எல்லாம் காய்ந்து கிடக்கிற மாசியில் படம் எடுக்க என்ன பூ இருக்கும்?

நிறைய இருக்கும். நம் பக்கத்து அடிவாரக் காடுகள் வெயில் ஏறும்போது இலையை உதிர்க்கிற காடுகள். அந்த மரங்களில் பல, புது இலை விடும் முன் பூத்துவிடும். வெறும் கிளையில் இருக்கும் பூ பறவைக்கும் தேனீக்கும் தூரத்திலிருந்தே தெரியும், நமக்கும்தான். பூ காயாகி விதை முற்றும்போது மழையும் பக்கத்தில் வந்துவிடும். அதனால் மற்றவர்கள் "ஒண்ணுமில்ல, எல்லாம் வறண்டு போச்சு" என்று சொல்லும் நேரம்தான் மரப்பூக்களுக்கு நல்ல நேரம்.

தை கடைசியிலிருந்து முள்ளிலவும் முள்முருங்கையும் சிவப்பாகப் பூக்கும். மாசியில் புரசு வந்துவிடும், செம்மஞ்சள் நிறம், மரம் முழுக்க. அதே நேரத்தில் பாறைச் சரிவுகளில் கோங்கிலவு. ஒரு இலைகூட இல்லாத கோணல்மாணல் கிளைகளின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூ, நடுவில் கற்றையாக மகரந்தத் தாள்கள். பங்குனி பிறந்தால் புங்கம், இலுப்பை, கொன்றை, வேம்பு. மேலே மலையில் காபி, சில்வர் ஓக், மூணாறு பக்கம் ஜகரண்டா. ஒரு வருஷம் பத்து நாள் முன்னே பின்னே போகும், மழையைப் பொறுத்தது. ஆனால் இந்த வரிசை பெரும்பாலும் மாறாது, அதனால் தேதியை விட வரிசையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்?

ஒன்று. அதுவும் முடிந்தால் ஒரே மரம்.

இதை நான் உறுதியாகவே சொல்கிறேன். ஆழியாறு, வால்பாறை, அப்படியே சோலையாறு, திரும்பி வரும்போது டாப்ஸ்லிப் என்று திட்டம் போட்டால் நாள் முழுக்க வண்டிக்குள்தான் இருப்பீர்கள். ஒரு புரச மரத்தடியில் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை இருந்து பாருங்கள். முதலில் பூவெல்லாம் நிழலில் மங்கலாக இருக்கும், பிறகு உச்சிக் கிளையில் மட்டும் வெளிச்சம் விழும், அப்புறம் மைனா வரும், கரிச்சான் வரும், தேன்சிட்டு வரும், எட்டு மணிக்கு மேல் அணில். வெளிச்சம் கிளை கிளையாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அது வேறு படம். மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தால் ஒரு பக்கம் பின்னணியில் கரண்ட் கம்பி, இன்னொரு பக்கம் மலை என்பது தெரியும். இவ்வளவும் கண்ணில் பட நேரம் வேண்டும்.

சரி, எங்கே போவது? பக்கத்திலேயே இருக்கிற இடமாகச் சொல்லுங்கள்.

முதலில் ரோட்டோரம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் புங்கமும் வேம்பும் கொன்றையும் வரிசையாக நிற்கும். காட்டுக்குள் போனால்தான் படம் என்கிற நினைப்பை விட்டுவிட்டால் பாதி நாள் பெட்ரோல் மிச்சம்.

கொல்லங்கோடு, முதலமடை பக்கம் பனைமரம், வயல், பின்னால் தென்மலைச் சுவர் என்று பின்னணி தானாக அமைந்துவிடும். அங்கிருந்து நெம்மாறை, போத்துண்டி அணை வழியாக ஏறினால் நெல்லியாம்பதி, காபியும் ஏலமும் தேயிலையும் ஒரே ரோட்டில் வரும்.

இந்தப் பக்கம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் ரோடு, 40 கொண்டை ஊசி வளைவு. கீழ் வளைவுகளில் காய்ந்த காடு, இலையில்லா மரங்களில் பூ, ஏற ஏறப் பச்சை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்கிற காட்சிமுனை இருக்கிறது, அங்கே வண்டி நிறுத்த இடம் உண்டு. மற்ற வளைவுகளில் நிறுத்தாதீர்கள், மேலிருந்து இறங்குகிற பஸ்ஸுக்கு இடம் போதாது.

உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போகிற ரோடும் அருமையானது. சின்னாறு மழை மறைவுப் பகுதி, மலை தடுப்பதால் மழை குறைவு, அதனால் அங்கே வறண்ட காட்டு மரங்கள். மறையூர் தாண்டினால் தேயிலைக்கு நடுவில் ஊதா நிறத்தில் ஜகரண்டா நிற்கும். அது தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வைத்த மரம், நம் காட்டு மரம் இல்லை. ஆனாலும் பச்சை மேட்டில் அந்த ஊதாவைப் பார்த்துவிட்டு நிற்காமல் போக முடியாது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: மூணாறு வரை போகிறோமே, இரவிகுளம் தேசியப் பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்று வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள்.

காபிப்பூ எப்போது பூக்கும்? போன தடவை போனோம், எல்லாம் பச்சையாகவே இருந்தது.

காபிக்கு நாள்காட்டி கிடையாது, மழைதான் கணக்கு. மாசி வாக்கில் ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும், எஸ்டேட்டில் அதைப் பூமழை என்பார்கள். அதுவரை மொட்டு ஊசி மாதிரி இறுகித் தூங்கிக்கொண்டிருக்கும். மழை விழுந்து எட்டிலிருந்து பத்து நாளுக்குள் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் விரியும். அது இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், அப்புறம் பழுப்பாகிவிடும். மழை பெய்யாவிட்டால் ஸ்பிரிங்ளர் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள், அதற்கும் இதே கணக்குதான். அதனால் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள்கூட வேறு வேறு நாளில் பூத்திருக்கும்.

வழி ரொம்ப எளிது. மேலே இருக்கிற யாராவது ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், டீக்கடைக்காரராகவோ பஸ் கண்டக்டராகவோ இருந்தாலும் சரி. "அண்ணா, மழை பெஞ்சுதா?" என்று கேட்டால் போதும். பெய்தது என்றால் அன்றிலிருந்து எட்டு நாள் எண்ணிக்கொண்டு, ஒன்பதாவது நாள் விடியற்காலை அங்கே இருங்கள். வண்டியை விட்டு இறங்கியதுமே மல்லிகை மாதிரி வாசம் வரும், வராவிட்டால் இன்னும் விரியவில்லை.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். கிளை நீளத்துக்கு ஒவ்வொரு கணுவிலும் கொத்துக் கொத்தாக வெள்ளை. ஒரு பூவுக்குப் பெரும்பாலும் ஐந்து இதழ், ரொபஸ்டா என்கிற காபி வகையில் சிலதில் ஆறுகூட இருக்கும். இதழ்களுக்கு நடுவில் மகரந்தப் பைகள் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும், எல்லாவற்றையும் தாண்டி ஒரு மெல்லிய தண்டு நீண்டு நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். அந்தப் பிளவு நுனி கூர்மையாக வந்தால் படம் எடுபட்டுவிடும். அதன்மேல் ஃபோகஸ் வையுங்கள்.

வரிசைக்குள் நடக்கும்போது உடம்பு உரசினாலே பூ உதிரும். உதிர்கிற ஒவ்வொரு பூவும் அந்தத் தோட்டக்காரருக்கு ஒரு காய். பையை முதுகிலிருந்து கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, கேமராவோடு மட்டும் போங்கள்.

வெள்ளைப் பூ ஒன்று வெளிறிப் போகிறது, இல்லையென்றால் சாம்பல் நிறமாக வருகிறது. ஏன்?

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படச் சட்டம் முழுக்க வெள்ளைப் பூ இருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும், சாம்பலாகும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவு செய்யும் வெளிச்ச அளவை, கொஞ்சம் கூட்ட வேண்டும். அதுவே கரும்பச்சை இலைகளுக்கு நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைப் பூ என்றால், இலையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பூ வெளிறும். அப்போது குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதை எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதழில் நரம்பு தெரிந்தால் சரி.

புரசு, முள்முருங்கை எடுத்தால் வெறும் சிவப்புக் கறையாக இருக்கிறது, இதழே பிரிந்து தெரியவில்லை. கேமரா கோளாறா?

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. கடும் சிவப்புப் பூவில் வெயில் விழும்போது மொத்தப் படமும் சரியான வெளிச்சத்தில் இருப்பதாகத் தோன்றினாலும் சிவப்பு மட்டும் தன் எல்லையைத் தாண்டிவிடும். தாண்டிய பிறகு இதழின் மடிப்பு, நிழல் எதுவும் பதிவாகாது. கேமராவில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு, சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டாமல் போகும் வரைக்கும் எக்ஸ்போஷரைக் குறையுங்கள், பெரும்பாலும் அரையிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). செல்போனில் பூவைத் தொட்டுப் பிடித்தால் ஒரு சூரியக் குறி வரும், அதைக் கீழே இழுங்கள். ரா கோப்பில், அதாவது கேமரா மாற்றாத மூலப் பதிவாக, எடுக்க முடிந்தால் எடுங்கள், பிறகு சரிசெய்ய இடம் கிடைக்கும்.

அதைவிட நல்ல வழி, சிவப்புப் பூவை நேர் வெயிலில் எடுக்காமல் இருப்பது. விடிந்தும் வெயில் விழாத அரை மணி நேரம் இருக்கிறதே, அதில் எடுங்கள். அல்லது வெயில் பூவுக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். புரசம்பூவை அப்படிப் பார்த்தால்தான் அதன் அழகு புரியும். மொட்டைப் பிடித்திருக்கும் கிண்ணம் கரும்பழுப்பு வெல்வெட். அதிலிருந்து கிளிமூக்கு மாதிரி வளைந்த இதழ், பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெரிய இதழ், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. இதழின் வெளிப்புறம் முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளி ரோமம். பின்வெளிச்சத்தில் அந்த ரோமம் ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் மெல்லிய கோடு போடும். முன்வெயிலில் அது கண்ணுக்கே படாது.

ஜகரண்டா ஊதா படத்தில் நீலமாக வருகிறதே?

வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாமல் வெயில் அல்லது மேகம் என்று நிலையாக வைத்துவிட்டால் ஓரளவு சரியாகும். பின்னணி இன்னும் முக்கியம். வெளுத்த வானத்தை வைத்து எடுத்தால் ஊதா கரைந்துவிடும். கொஞ்சம் மேட்டில் ஏறி நின்று தேயிலைச் சரிவோ எதிர்மலையோ பின்னால் வருகிற மாதிரி எடுங்கள், நிறம் தானாக எழுந்து நிற்கும்.

செல்போன் போதுமா, கேமரா வாங்க வேண்டுமா?

முழு மரம், சாலையோர வரிசை, உதிர்ந்து கிடக்கும் பூ, இதற்கெல்லாம் செல்போன் தாராளமாகப் போதும். மரத்தில் உயரமாக இருக்கும் ஒற்றைக் கொத்து, பூவில் உட்காரும் பறவை, இவற்றுக்கு நீளமான லென்ஸ் இல்லாமல் முடியாது.

செல்போனில் மேக்ரோ, அதாவது மிகக் கிட்டத்தில் எடுக்கும் முறை, என்று இருப்பது பல போன்களில் அகல லென்ஸைத்தான் பயன்படுத்துகிறது. பூவுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வரை கிட்டப் போக வேண்டும், போனின் நிழலே பூவில் விழும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஜூம் லென்ஸ் இருந்தால் அதை வைத்து ஒரு அடி தள்ளி நின்று எடுங்கள், பின்னணியும் சுத்தமாக வரும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், அது மகரந்தத் தாள்களின் நுனியை வெட்டி மழுக்கிவிடும். லென்ஸைத் துடையுங்கள். சட்டைப்பையில் இருந்த போன், விரல் ரேகை படிந்திருக்கும், பின்வெளிச்சத்தில் படம் முழுக்கப் புகை மாதிரி வரும்.

கேமரா இருக்கிறது, மேக்ரோ லென்ஸ் இல்லை என்பவர்கள் உடனே வாங்க ஓட வேண்டாம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் விலை குறைவு, பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸோடு அதைப் போட்டால் வேப்பம்பூகூடப் பெரிதாக வரும்.

பூவின் ஒரு பக்கம் தெளிவாக இருக்கிறது, மறுபக்கம் மங்கல். லென்ஸின் துளையை மிகச் சின்னதாக்கி எஃப் 22 வைத்தால் எல்லாம் தெளிவாகிவிடாதா?

ஆகாது. கிட்டப் போகப் போகத் தெளிவாகத் தெரியும் ஆழம் பயங்கரமாகக் குறையும். முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவின் சென்சாரில் பூவை அதன் உண்மை அளவுக்கே பதிவு செய்தால், எஃப் 11 வைத்தாலும் தெளிவு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம்தான். எஃப் 22 வரை போனால் அந்த ஆழம் இரண்டு மடங்காகும், ஆனால் வெளிச்சம் சின்ன ஓட்டை வழியாகச் சிதறி மொத்தப் படமும் கொஞ்சம் மென்மையாகிவிடும். கூடவே ஷட்டரும் மெதுவாகும், காற்றில் பூ ஆடுவது கலங்கலாகப் பதிவாகும்.

எஃப் 8, எஃப் 11 பக்கமே இருங்கள். பூவின் எந்தத் தளம் முக்கியம் என்று முடிவு செய்து, கேமராவின் பின்புறத்தை அதற்கு இணையாகப் பிடியுங்கள். தட்டையான பூவென்றால் நேரே மேலிருந்து, காபிக் கிளையென்றால் கிளைக்குச் சரியாகப் பக்கவாட்டில். அப்படியும் போதாவிட்டால் கொஞ்சம் பின்னால் வந்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

காற்று. எப்போது போனாலும் பூ ஆடிக்கொண்டே இருக்கிறது.

நாம் இருக்கும் இடம் அப்படி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்குத்தொடர்ச்சி மலை திறந்திருக்கும் கணவாய், 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று இந்த வழியாகத்தான் புகுந்து போகும். மாசி போகப் போகத் தணியும். அதனால் முள்முருங்கை, முள்ளிலவு எடுக்கும் நாட்களில்தான் தொல்லை அதிகம், கொன்றை எடுக்கும்போது குறைவு.

மரத்தில் இருக்கும் பூவுக்கு ஷட்டரை ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு (1/500) அல்லது அதற்கும் வேகமாக வையுங்கள், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 800, 1600 போனாலும் பரவாயில்லை. கொஞ்சம் புள்ளி தெரிகிற கூர்மையான படம், புள்ளியே இல்லாத கலங்கிய படத்தைவிட எவ்வளவோ மேல். காற்று ஒரே சீராக அடிக்காது, நடுவில் ஓய்வு விடும். கிளை ஒரு பக்கம் போய்த் திரும்பும் நொடியில் நிற்கும், அப்போது தொடர்ந்து நாலைந்து படம் எடுங்கள்.

தரையோரச் செடி என்றால் இன்னும் சுலபம். ஒரு குச்சியை மண்ணில் குத்தி, துணி கிளிப்பால் தண்டை மெதுவாகப் பிடித்து நிறுத்தலாம், தண்டு நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடை ஒன்று எடுத்துப் போங்கள். காற்றையும் மறைக்கும், உச்சி வெயிலில் பூவுக்கு நிழலும் கொடுக்கும், வெள்ளைக் குடையென்றால் வெளிச்சத்தை மிருதுவாக்கும். இந்த வேலைக்கு ஒரே ஒரு சாமான்தான் எடுத்துப்போக முடியும் என்றால் டிரைபாடை வீட்டில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துப்போவேன்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பிப்ரவரி கடைசியில் நம் பக்கம் சூரியன் உதிப்பது ஆறே முக்கால் வாக்கில், ஏப்ரல் நடுவில் ஆறு பத்துக்கு மேல். அதற்கு அரை மணி முன்னால் மரத்தடியில் இருந்தால் நல்லது. மலைச்சரிவில் இருக்கும் இடங்களில் முகடு மறைக்கும், வெயில் ஒரு மணி நேரம்கூடத் தாமதமாக வரலாம். அது ஆதாயம்தான், நிழல் வெளிச்சம் அவ்வளவு நேரம் கிடைக்கிறது. பத்து மணிக்கு மேல் பெரிய மரங்களை விட்டுவிட்டு, நிழலில் இருக்கும் சின்னப் பூக்களைத் தேடுங்கள், அல்லது சாப்பிடப் போங்கள். நாலு மணிக்கு மறுபடி தொடங்கலாம்.

இலுப்பை மட்டும் விதிவிலக்கு. அது இரவில் விரிகிற பூ, வௌவால் வரும், விடியும்போது கொட்டிவிடும். பழைய கோயில்களைச் சுற்றி இலுப்பை மரம் இருந்தால் இருட்டு பிரியும் முன் போங்கள். சதைப்பிடிப்பான வெளிர்மஞ்சள் பூ தரை முழுக்கக் கிடக்கும். ஊர்க்காரர்கள் வந்து கூட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

முதலமடை மாந்தோப்பு பூத்திருக்கும்போது எடுக்கலாமா?

கார்த்திகை, மார்கழியிலேயே அங்கே பூ பிடித்துவிடும், நாட்டிலேயே சீக்கிரம் சந்தைக்கு வரும் மாங்காய்களில் முதலமடை மாங்காயும் ஒன்று. மாசியில் போனால் பிந்திய பூவும் பிஞ்சும் ஒரே கொத்தில் கிடைக்கும், அது தனி அழகு. ஆனால் பூ நேரத்தில் மருந்து அடிப்பார்கள். தோப்புக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே "எப்போ மருந்து அடிச்சீங்க?" என்றும் கேளுங்கள். சமீபத்தில் என்றால் உள்ளே போகாதீர்கள், குழந்தைகளைக் கூட்டிப்போவது கூடவே கூடாது. வேலிக்கு வெளியிலிருந்து எடுத்தாலே மாம்பூவின் செம்மஞ்சள் கூம்புகள் காலை வெயிலில் நன்றாக வரும்.

கொன்றையை எந்த நாளில் எடுப்பது?

கேரளத்தின் விஷு பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால். விஷு பெரும்பாலும் ஏப்ரல் 14 அல்லது 15, நம் சித்திரைப் பிறப்பும் அதை ஒட்டித்தான். விஷு விடியலில் முதலில் பார்க்கிற கணி வைக்க எல்லா வீட்டுக்கும் கொன்றைப்பூ வேண்டும், அதனால் முந்தின இரண்டு நாளில் ரோட்டோர மரங்களின் கீழ்க்கிளைகள் எல்லாம் ஒடிபட்டுப் போகும். அது அவர்கள் வழிபாடு, குறை சொல்ல எதுவுமில்லை, நாம் முன்னால் போய்விட வேண்டியதுதான். கொன்றைச் சரம் ஒரு அடிக்கு மேல் தொங்கும். மேலே விரிந்த பூ, கீழே போகப் போக மொட்டு, நுனியில் பச்சை மணி. அதனால் செங்குத்தாகச் சட்டமிடுங்கள். மரத்தடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் வானம் வெளுத்துவிடும், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் நீல வானம் கிடைக்கும். மஞ்சளுக்கு அந்த நீலத்தைவிட நல்ல துணை இல்லை.

அதே வாரம் வேம்பும் பூத்திருக்கும். சித்திரைப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி செய்ய உதிர்த்து வைப்போமே, அந்தத் தட்டை ஜன்னலோரம் வைத்து எடுத்துப் பாருங்கள். வெளியே எங்கும் போகாமல் கிடைக்கும் படம்.

மரம் இல்லாமல், செடிப் பூக்கள்?

இவற்றைத்தான் யாரும் எடுப்பதில்லை. எருக்கு வருஷம் முழுக்கப் பூக்கும், அதன் நடுவில் இருக்கும் கிரீட வடிவத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்காதவர்கள்தான் அதிகம். கண்டங்கத்திரி, ஊதா இதழும் மஞ்சள் நடுவும், காய்ந்த தரையோடு படர்ந்திருக்கும். நெருஞ்சி காலை வெயிலில் மஞ்சளாக விரிந்து சூரியனைப் பார்க்கும். விஷ்ணுகிராந்தி, சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப் பூ, காலையில்தான் விரிந்திருக்கும், மதியம் போய்த் தேடினால் கிடைக்காது. வாய்க்கால் ஈரம் இருக்கிற வரப்பில் தும்பை.

இதற்கெல்லாம் தரையில் படுக்க வேண்டும். பழைய சாக்கு ஒன்றை விரித்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு, பூவின் உயரத்துக்கே கேமராவைக் கொண்டுபோங்கள். படுக்கும் முன் இடத்தை ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், நெருஞ்சி முள் ஒருபக்கம், பாம்பு ஒருபக்கம். காய்ந்த புல்லில் உண்ணி இருக்கும், வீட்டுக்கு வந்ததும் கால் மடிப்பெல்லாம் பார்த்துவிட்டுக் குளியுங்கள்.

பூவில் தண்ணீர் தெளித்து எடுத்தால் பனித்துளி மாதிரி இருக்குமே? கிளையை ஒடித்துப் பக்கத்தில் வைத்து எடுக்கலாமா?

வேண்டாம். மாசி மாத மத்தியானத்தில் புரசம்பூவில் துளி நிற்காது என்பது பார்ப்பவருக்கும் தெரியும். ஒடிப்பது அதைவிட மோசம், காட்டுக்குள் என்றால் குற்றமும்கூட. உதிர்ந்த பூவை எடுத்து ஒரு பாறையில் வைத்துப் படம் எடுப்பதில் தப்பில்லை, ஆனால் முள்ளிலவுப் பூ பொத்தென்று விழுந்து கிடந்த இடத்திலேயே, மேல்நோக்கிய சிவப்புக் கிண்ணமும் சுற்றிலும் சருகுமாக, அப்படியே எடுத்தால்தான் நன்றாக இருக்கிறது. காட்டுக்குள் அந்தப் பூவைத் தின்ன மான் வரும், பூவை விட்டுவிட்டு வாருங்கள்.

அனுமதி எதற்கெல்லாம் வேண்டும்?

தோட்டம், தோப்பு எதுவானாலும் சொந்தக்காரரையோ மேஸ்திரியையோ கேளுங்கள். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் தமிழ் ஆட்கள். "அக்கா, பூவை மட்டும் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் நல்ல செடி எது என்று அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அவர்களை எடுப்பதென்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

காட்டுச் சாலைகளில், அதாவது சேத்துமடையிலிருந்து டாப்ஸ்லிப், பறம்பிக்குளம் போகிற வழி, சின்னாறு, வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்குகிற வழி, இங்கெல்லாம் நினைத்த இடத்தில் இறங்கக் கூடாது. செக்போஸ்ட்டுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. வால்பாறைக்கு இ-பாஸ் விதி என்ன என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ட்ரோன் காட்டுப் பகுதியில் கூடாது.

வெயில் காலத்தில் காட்டுப் பாதைகளை மூடுவார்கள், அதை மீறாதீர்கள். 2018 மார்ச்சில் போடி பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நாம் பூப் பார்க்கப் போகும் மாதமும் புல் பற்றிக்கொள்ளும் மாதமும் ஒன்றேதான். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம்.

யானை, தேனீ பயம்?

யானையைப் பற்றி ஊர்க்காரர் சொல்வதை அப்படியே கேளுங்கள். "இந்தப் பக்கம் நேத்து நின்னுச்சு" என்றால் அன்றைக்கு வேறு இடம். அந்தி சாயும் முன் மலை இறங்கிவிடுங்கள்.

தேனீ, குறிப்பாக மலைத்தேனீ, பூக்காலத்தில் பெரிய மரங்களிலும் பாறைகளிலும் கூடு வைத்திருக்கும். சென்ட் போட்டுப் போகாதீர்கள். மரத்தைப் படம் எடுக்கும் முன் கிளைகளுக்கு அடியில் கறுப்பாக ஏதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் சத்தமில்லாமல் தள்ளிப் போய்விடுங்கள், ஃப்ளாஷும் வேண்டாம்.

பிப்ரவரியில் மூணாறு போனால் குறிஞ்சி கிடைக்குமா?

கிடைக்காது. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் வாக்கில். மூணாறில் 2018இல் பெரிய அளவில் பூத்தது, அடுத்தது 2030.

கம்ப்யூட்டரில் நிறத்தைக் கூட்டலாமா?

பூவின் நிறத்தைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லை, நம் பக்கத்துப் பூக்கள் ஏற்கெனவே கேமராவின் எல்லையைத் தொடுகிறவை. சுற்றியிருக்கும் பச்சையை லேசாகக் குறைத்தால் பூ தானே தெரியும். வெளிச்சம், வெள்ளைச் சமநிலை, ஓரங்களை வெட்டுவது, அவ்வளவு போதும்.

பெயர் தெரியாத பூவை எப்படிக் கண்டுபிடிப்பது? எடுத்த படத்தை வைத்து வேறு என்ன செய்யலாம்?

அழகான ஒரு படத்தை வைத்துப் பெயர் சொல்வது கஷ்டம். பூவின் முகம், பூவின் பின்பக்கம், இலை கிளையில் எப்படி அமர்ந்திருக்கிறது, பட்டை, முழு மரம், இந்த ஐந்தையும் எடுத்து வந்தால் ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற இணையதளங்கள் இரண்டிலும் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னால் மாடு மேய்க்கிறவரைக் கேளுங்கள், அவர் சொல்லும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிட் மாதிரி ஆட்கள் பிடுங்கிப்போகிற செடி என்றால் சரியான இடத்தை வெளியிடாதீர்கள், மாவட்டம் போதும்.

சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் இருக்கிறது. நம் வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை மொட்டு, பூ, காய், தளிர் எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவு செய்யலாம். கேரளத்தில் நிறையப் பள்ளிப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள், கொன்றை பூக்கும் காலம் மாறுகிறதா என்பது போன்ற கேள்விகளுக்கு அந்தப் பதிவுகள்தான் ஆதாரம். படம் எடுக்கிறவருக்கும் இதில் லாபம் உண்டு. வாரா வாரம் பார்க்கிற மரம் எந்த வாரம் பூக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. புங்கமோ வேம்போ கொன்றையோ, பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் நிற்கிற ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் விடாமல் பார்க்க முடியும்.